ஆணி குத்துவதற்கு முன் போட வேண்டிய ஊசி

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் காலில் ஆணி ஏறினால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணியைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, மஞ்சளோ காபித்தூளோ வைத்து அமுக்கிக் கட்டுவார்கள். "போய் ஒரு டிடி போட்டுட்டு வா" என்று மேஸ்திரி அனுப்புவார். கிளினிக்கில், "கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேட்பார்கள். "ஆறு மாசம் ஆகலைன்னு நினைக்கிறேன்" என்பார் இவர். அல்லது, "ஞாபகம் இல்லை, போட்டுடுங்க" என்பார்.

இந்தச் சின்ன உரையாடலில் மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன. டிடி ஊசி காயத்துக்கான மருந்து என்பது ஒன்று. அதன் ஆயுள் ஆறு மாதம் என்பது இன்னொன்று. ஞாபகம் இல்லாவிட்டால் ஒன்று போட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது மூன்றாவது. தடுப்பூசி என்றால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் உரியது என்று நினைத்துப் பழகிவிட்டோம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சூளைத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஊசி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், வேலையிடத்தில் அதை எப்படி ஏற்பாடு செய்வது என்பதும் கூடவே புரியும்.

துருவின் மேல் பழி

டிடி ஊசி தடுக்கும் நோய்க்குப் பெயர் ரணஜன்னி, ஆங்கிலத்தில் டெட்டனஸ். தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்து, தசைகள் இழுத்துக்கொள்ளும் நோய். துருப்பிடித்த ஆணியால் வருவது என்பார்கள். துருவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நோயைத் தருவது மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு பாக்டீரியா. ஆணி துருப்பிடிக்கும் அளவுக்கு மண்ணில் கிடந்தது என்பதுதான் இங்கே விஷயம். பளபளக்கும் புது ஆணியும் சாணம் பட்டுக் கிடந்தால் அதே ஆபத்துதான்.

இந்தப் பாக்டீரியா காய்ந்த மண்ணில் விதை போல உறங்கிக் கிடக்கும். பல வருடங்கள் தாங்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் சாகும் என்று நம்ப முடியாது. காற்று புகாத, ஆழமான, சிறிய காயம் கிடைத்தால் முளைக்கும். அதனால்தான் வழிய வழிய ரத்தம் வரும் வெட்டைவிட, ரத்தமே வராத ஆணிக்குத்து மோசமானது. காயத்தில் காபித்தூளும் மண்ணும் வைத்து அடைப்பது விதைக்கு மூடாக்கு போடுவது போல.

முளைத்த பாக்டீரியா உடம்பெல்லாம் பரவுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளர்த்தும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. தளரச் சொல்ல ஆள் இல்லாததால் தசைகள் இறுகியே நிற்கின்றன. பெரும்பாலும் காயம்பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் இது தெரியவரும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கலாம்.

பல் பிடுங்கிய பாம்பு

ஊசியில் இருப்பது அதே நச்சுதான். ஆனால் ஃபார்மலின் போன்ற வேதிப்பொருளால் வீரியம் அகற்றப்பட்டது. இதற்கு டாக்ஸாய்டு என்று பெயர். உருவம் அப்படியே இருக்கும், விஷம் இருக்காது. பல் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பாம்பை அடையாளம் காணப் பழக்குவது மாதிரி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்டன் ராமோன் 1920களில் உருவாக்கிய முறை இது. ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை என்பதால், ஊசியாலேயே ரணஜன்னி வந்துவிடாது.

அந்த உருவத்தைப் பார்த்த உடம்பு, அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதத்தைத் தயாரிக்கிறது. இதை எதிர்ப்பொருள் என்கிறோம். கூடவே அந்த உருவத்தை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்களும் உருவாகின்றன. எதிர்ப்பொருள் வருடங்கள் போகப் போகக் குறையும். நினைவணுக்கள் நெடுநாள் இருக்கும். மறுபடி அதே உருவம் வந்தால் சில நாட்களிலேயே உற்பத்தியைத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு விசித்திரம். ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட இந்த நினைவு உருவாவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நச்சின் அளவு, உடம்பு அடையாளம் காணப் போதாத அளவுக்குச் சிறியது. எனவே பிழைத்து எழுந்தவரும் முதல் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயின்டருக்குத் தெரிந்த கணக்கு

சுவருக்கு பிரைமர், முதல் கோட்டிங், இரண்டாவது கோட்டிங் என்று அடிக்கிறோம். முதலாவது காயாமல் இரண்டாவதை அடித்தால் உரிந்துவரும். மூன்றையும் ஒரே நாளில் அடித்தால் பெயின்ட்தான் வீண்.

தடுப்பூசியிலும் இடைவெளிக்கு வேலை இருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு, நச்சை ஓரளவு பிடிக்கத் தெரிந்த அணுக்கள் பல உருவாகின்றன. அடுத்த சில வாரங்களில் நிணநீர்க் கணுக்களுக்குள் அவற்றுக்கு இடையே ஒரு சலித்தெடுப்பு நடக்கிறது. இறுக்கமாகப் பிடிப்பவை தங்கும், நழுவ விடுபவை ஒதுங்கும். தேறியவற்றைப் பெருக்குவதுதான் இரண்டாவது, மூன்றாவது ஊசிகளின் வேலை. ஒரே ஒரு ஊசி போட்டவருக்கு நம்பத்தக்க பாதுகாப்பு இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

சிறுவயதில் எதுவும் போடாத, அல்லது போட்டதற்கு ஆதாரம் இல்லாத பெரியவருக்கான அட்டவணை இது. முதல் ஊசி இன்று. இரண்டாவது, குறைந்தது 4 வாரம் கழித்து. மூன்றாவது, இரண்டாவதிலிருந்து குறைந்தது 6 மாதம் கழித்து. அதன்பின் குறைந்தது ஒவ்வொரு வருட இடைவெளியில் இன்னும் இரண்டு. பழைய நினைவைப் புதுப்பிக்கும் இந்தப் பிந்தைய ஊசிகளுக்கு பூஸ்டர் என்று பெயர். ஆக மொத்தம் 5. இரண்டாவதை நாள் தவறவிட்டு எட்டு மாதம் ஆகிவிட்டதா? மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இது தெரியாமல் "இனி போட்டுப் பிரயோஜனம் இல்லை" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

கைமாற்றும் சொந்தக் காசும்

அப்படியானால் காயம்பட்ட அன்று போடும் ஊசி எதற்கு? ஏற்கெனவே மூன்று ஊசி முடித்தவருக்கு அது பூஸ்டர். நினைவணுக்கள் விழித்துக்கொள்ளும், நச்சு நரம்பை எட்டும் முன் எதிர்ப்பொருள் தயாராகிவிடும். ஒன்றுமே போடாதவருக்கு அது வெறும் முதல் கோட்டிங். இந்தக் காயத்துக்குப் பெரிதாக உதவாது. அவருக்கு அழுக்கான காயம் என்றால், வேறொருவர் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளையே ஊசியாகத் தர வேண்டும். அதற்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்று பெயர். வழக்கமான அளவு 250 யூனிட். இது கைமாற்று வாங்கிய பணம் மாதிரி. உடனே கைக்கு வரும், சில வாரங்களில் தீர்ந்துவிடும். தடுப்பூசி சொந்தச் சம்பாத்தியம். சேர நாளாகும், நிற்கும்.

காயம்பட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஆறு மாதம் ஆச்சா?" என்பதல்ல. "மொத்தம் எத்தனை போட்டிருக்கிறீர்கள்?" என்பது முதலில். மூன்றோ அதற்கு மேலோ என்றால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் ஒன்று; மண், சாணம் பட்ட காயத்துக்கும் ஆழமான குத்துக்கும் 5 வருடம் ஆகியிருந்தால் ஒன்று. மூன்றுக்குக் குறைவு, அல்லது தெரியாது என்றால் ஊசி உண்டு. அழுக்குக் காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்ந்து. ஒவ்வொரு கீறலுக்கும் டிடி போட்டுக்கொண்டே இருப்பவருக்குக் கையில் முழங்கை வரை வீங்கி வலிக்கும் எதிர்வினை வரலாம். அதை அலர்ஜி என்று எண்ணி, பிறகு ஊசியே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: ஊசி ஆளுக்கு, காயத்துக்கு அல்ல. எண்ணிக்கைதான் முக்கியம், அதோடு கடைசித் தேதி. இரண்டும் எழுதி வைக்கப்படாவிட்டால் மருத்துவர் "தெரியாது" என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெயர்க்குழப்பம். முன்பு போட்டது ரணஜன்னிக்கு மட்டுமானது. 2019ஐ ஒட்டி இந்தியத் திட்டத்தில் தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்த ஊசி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் TT என்பது Td என்று மாறுகிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே டிடிதான். புதியது கிடைத்தால் அதுவே நல்லது.

யார் விடுபட்டுப் போகிறார்கள்?

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று, 5 வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. எல்லாம் முடித்தவர் நல்ல நிலையில் இருக்கிறார். ஆனால் கடைசி இரண்டும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் போடப்படுபவை. எட்டாம் வகுப்போடு நின்று வேலைக்கு வந்த பையனுக்கு 16 வயது ஊசி வாய்ப்பில்லை. அதன்பின் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மறுபடி போடுகிறார்கள். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்த நிலையை எட்டியதாக 2015இல் உறுதி செய்யப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்களுக்கு அப்படி எந்தச் சந்திப்பும் இல்லை. மண்ணிலும் கம்பியிலும் புழங்கும் நடுவயது ஆண்தான் திட்டத்தின் ஓட்டையில் நிற்கிறார்.

ரணஜன்னி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எனவே "ஊரே போட்டிருக்கிறது, நான் தப்பிப்பேன்" என்பது இங்கே செல்லாது. பக்கத்தில் வேலை செய்யும் நூறு பேர் போட்டிருந்தாலும் உங்கள் காலில் ஏறிய ஆணிக்கு அது தெரியாது.

பயம் என்று நாம் சொல்வது

"எவ்வளவு சொன்னாலும் வர மாட்டேங்கிறாங்க, விழிப்புணர்வு இல்லை" என்று நிர்வாகம் சொல்லும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், பாதிக்கு மேல் பயமே இல்லை. அரைநாள் கூலி போகும். கிளினிக்குக்கு ஆட்டோ செலவு. கை வலித்தால் நாளை செங்கல் தூக்க முடியாது. இரண்டாவது ஊசியின்போது எந்த சைட்டில் இருப்போம் என்று தெரியாது. இவற்றில் எதற்கும் சுவரொட்டி பதில் சொல்லாது. ஊசி போடும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுத்தால் முதல் தடை போய்விடும். மருத்துவக் குழு வேலை நடக்கும் இடத்துக்கே வந்தால் இரண்டாவது போய்விடும்.

கோவிட் காலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2021 ஏப்ரலில் சுமார் 100 பேர் உள்ள வேலையிடங்களிலேயே ஊசி போட ஒன்றிய அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கின. அக்டோபரில் ஒன்றைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறன்று கறி சாப்பிடுபவர்களும் குடிப்பவர்களும் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். கறிக்கும் ஊசிக்கும் பகை இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையோடு வாதாடி நேரத்தைக் கரைப்பதைவிட நாளை மாற்றுவது எளிது, சரியும்கூட.

உண்மையான பயமும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவிட் ஊசி போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் காலமானபோது தமிழ்நாடே தயங்கியது. தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் சொன்னது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததுதான். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் பழமொழி சொல்லிப் பயனில்லை. சந்தேகம் கேட்பவரிடம், "உங்களுக்கு என்ன ஆகும்னு பயம்?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் சொல்வது பலன் தரும். கை வலிக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றுமே ஆகாது என்று சொல்லிவிட்டு மறுநாள் காய்ச்சல் வந்தால், இரண்டாவது ஊசிக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

கட்டாயப்படுத்தலாமா? யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கோவிட் வழக்கில் 2022 மே 2 அன்று சொல்லியிருக்கிறது. ஊசி போட்டால்தான் வாரக்கூலி என்று முடிச்சுப் போடுவது தவறு. தவிர, அது அடுத்த முகாமைக் கெடுக்கும்.

முகாம் நாளில்

வாரக்கூலி சைட்டுக்குச் சனிக்கிழமை காலை பொருத்தமானது. காய்ச்சலும் கை வலியும் ஞாயிறு விடுமுறையில் அடங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஆள் எண்ணிக்கையோடு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அங்குள்ள இருப்பு குழந்தைகள், கர்ப்பிணிகள் கணக்கில் வருவது. சொல்லாமல் போய் நின்றால் கிடைக்காமல் போகலாம். ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கும். பத்துப் பத்துப் பேராக அழைப்பது குப்பிக்கும் வசதி, வேலைக்கும் வசதி.

மருந்து தயாரித்த இடத்திலிருந்து கை வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸிலேயே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் குளிர்ச் சங்கிலி என்கிறார்கள். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைத்தால் டிடி குப்பி உறைந்துவிடும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். உறைந்த குப்பியை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.

அளவு 0.5 மில்லி, தோளுக்குக் கீழே மேற்கைத் தசையில். சுமை தூக்குபவருக்கு எந்தத் தோளில் தூக்குவார் என்று கேட்டு, மற்றக் கையில் போடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்தவருக்குப் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

மயங்கி விழுந்தால்

முகாமில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். பெரும்பாலும் ஊசியின் தவறல்ல. காலையில் சாப்பிடாமல், வெயிலில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவருக்குக் குத்துவதைப் பார்த்துக்கொண்டே வந்தால் சிலர் சரிவார்கள். ஒருவர் விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேருக்குத் தலை சுற்றும். ஒரு மணி நேரத்தில் "ஊசி போட்டு நாலு பேர் விழுந்துட்டாங்க" என்ற செய்தி அடுத்த சைட்டுக்குப் போய்விடும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நிழலில் உட்கார வையுங்கள். ஊசி போடும் மேசையை ஒரு திரையால் மறையுங்கள், தார்ப்பாய் போதும்.

மயக்கம் வந்தவர் வெளிறி வியர்ப்பார், நாடி மெதுவாகும், படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். அனாபிலாக்சிஸ் என்பது வேறு. உடம்பு முழுவதையும் தாக்கும் கடும் அலர்ஜி. தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு, வேகமாக ஓடும் பலவீனமான நாடி. மிக அரிது, ஆனால் வந்தால் நிமிடக் கணக்கு. பெரியவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் மருத்துவக் குழு உடனே போட வேண்டும். ஊசிக்குப் பின் 30 நிமிடம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். அந்த மருந்து பெட்டியில் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று முதல் குப்பியைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வேறு வேலை, வேறு ஊசி

குப்பையில் கிடக்கும் சிரிஞ்சு குத்தக்கூடிய துப்புரவுப் பணியாளருக்கு டிடியோடு, ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான ஊசியும் தேவை. 0, 1, 6 மாதங்களில் மூன்று. குழந்தைகளுக்கே இது நாடு முழுக்கப் பரவலானது 2011ஐ ஒட்டித்தான் என்பதால், இன்று வேலையில் இருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

ஓட்டல், கேன்டீன் சமையலறையில் இருப்பவருக்கு டைபாய்டு ஊசி. உணவைக் கையாள்பவர்களுக்குக் குடல் தொற்று நோய்களுக்கான தடுப்பூசி போட்டுப் பதிவேடு வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காவது அட்டவணையே சொல்கிறது. இங்கே பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். டிடிக்கு "உன் உயிருக்கு" என்பதுதான் வாதம். டைபாய்டுக்கு "உன் கையால் சாப்பிடுபவருக்கும் சேர்த்து" என்று சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே கிருமியைச் சுமப்பவரிடமிருந்து இந்த ஊசி கிருமியை அகற்றாது. சோப்பும் தண்ணீரும் அப்படியே தேவை.

நாய் பிடிப்பவர்களுக்கும் கால்நடைப் பண்ணையில் இருப்பவர்களுக்கும் ரேபிஸ் ஊசியை முன்கூட்டியே போடலாம். போட்டிருந்தாலும் கடி பட்டால் மறுபடி இரண்டு ஊசி உண்டு, இம்யூனோகுளோபுலின் வேண்டியிருக்காது.

அட்டை யாரிடம் இருக்க வேண்டும்?

பெரும்பாலான முகாம்கள் தோற்பது இங்கேதான். முதல் ஊசிக்கு ஐம்பது பேர், இரண்டாவதுக்கு முப்பது, ஆறு மாதம் கழித்து மூன்றாவதுக்கு அந்த சைட்டே முடிந்திருக்கும். ஒப்பந்ததாரரின் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தால் ரிஜிஸ்டர் அலுவலகத்தில் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். அதனால் அட்டை தொழிலாளியிடமே இருக்க வேண்டும். அதில் ஊசியின் பெயர், எத்தனையாவது, தேதி, குப்பியின் தொகுதி எண், அடுத்த ஊசிக்கான தேதி ஆகியவை போதும். எழுதியதும் அவர் ஃபோனிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை மழையில் நனையும், படம் தப்பிக்கும்.

சூளையிலும் கட்டடத்திலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. விளக்கம் சொல்லவும் சம்மதம் கேட்கவும் அவர்களின் மொழி தெரிந்த ஒரு சக தொழிலாளியை அன்று மேசைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கும் அன்றைய கூலி உண்டு. அட்டையில் தேதியை எண்ணிலும் ஊசியின் பெயரைத் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மூன்றாவது ஊசிக்கு அவர் கட்டாக்கில் ஒரு சுகாதார நிலையத்தில் நின்றுகொண்டிருக்கலாம், அங்கிருக்கும் செவிலியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.